பின்பக்கம் தடவிப் பாருங்கள்: கும்பகோணத்துச் சந்தில் ஓர் அச்சாபீஸ்

முதலில் குறைகளைச் சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமை தருவதாகச் சொன்ன பத்திரிகை ஞாயிற்றுக்கிழமைதான் கைக்கு வந்தது. காத்திருப்பவர் உட்கார ஒரே ஒரு முக்காலி; அதன் ஒரு காலுக்கு அடியில் நான்காக மடித்த அட்டை. போன் செய்தால் எடுக்கமாட்டார். மிஷின் ஓடும்போது மணி காதில் விழாது, ஓடாதபோது கையெல்லாம் மை. மெய்ப்புப் பார்த்துத் தரவும் மாட்டார். நீங்கள் எழுதிக் கொடுத்த பிழை நீங்கள் எழுதிக் கொடுத்தபடியே, அழகாக, நேராக அச்சாகும். இத்தனையும் தெரிந்துதான் இரண்டு மாதத்தில் மூன்று முறை அங்கே வேலை கொடுத்திருக்கிறேன்.

கும்பகோணத்தில் நாகேஸ்வரன் கோயிலைச் சுற்றியுள்ள சந்துகளில் ஒன்றில் இருக்கிறது இந்த அச்சாபீஸ். பெயரைப் போடவில்லை. பலகையில் 'பிரஸ்' என்ற சொல்லைத் தவிர மற்றதெல்லாம் மங்கிவிட்டது என்பது ஒரு காரணம். உரிமையாளரே வேண்டாம் என்றது இன்னொரு காரணம். "அண்ணே, பெயரைப் போட்டால் படம் பிடிக்க வருகிறார்கள். வேலை கொடுக்க யாரும் வருவதில்லை" என்றார். நியாயம்தான். நான் அங்கே இருந்த நாள்களில் செல்போனை நீட்டிக்கொண்டு நான்கு பேர் வந்தார்கள்; ஒருவர்கூட நூறு விசிட்டிங் கார்டுக்குச் சொல்லிவிட்டுப் போகவில்லை. தேடுபவர்கள் அக்கம்பக்கத்து வெற்றிலைக் கடை எதிலாவது 'பழைய அச்சாபீஸ்' என்று கேட்டால் கை காட்டுவார்கள்.

நான் வேடிக்கை பார்க்கப் போனவன் அல்லன் என்பதையும் சொல்லியாகவேண்டும். 1975-ல், பதினைந்து வயதில், இதே ஊரில் வேறோர் அச்சகத்தில் 'டிஸ்' போடும் பையனாகச் சேர்ந்தேன். அச்சடித்து முடித்த எழுத்துகளை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, பாரத்தை, அதாவது கோத்துப் பூட்டிய எழுத்துக் கட்டைப் பிரித்து, ஒவ்வோர் எழுத்தையும் கேஸ் என்னும் மரத் தட்டில் அதனதன் அறையில் திரும்பப் போடுவதுதான் டிஸ். இரண்டு வருஷம் அது, பிறகு எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர். 1997-ல் முதலாளி கேஸ்களைக் கவிழ்த்து ஈயத்தைக் கிலோக் கணக்கில் எடைக்குப் போட்ட நாள்வரை நின்றுகொண்டே வேலை செய்தேன். அதன்பிறகு ஓர் அரிசி ஆலைக்குக் கணக்கு எழுதப் போனேன். அங்கேதான் உட்கார நாற்காலி கிடைத்தது.

அந்த முதலாளி மாலையானால் ஆளுக்கொரு வாழைப்பழம் கொடுப்பார். ஈயம் உடம்பில் தங்காது என்பது அவருடைய வைத்தியம். எழுத்து வார்ப்பது ஈயமும் ஆண்டிமனியும் வெள்ளீயமும் சேர்ந்த கலவையில். நாள் முழுக்க அதையே தொட்டுக்கொண்டிருந்த கையால், கழுவாமல், அந்தப் பழத்தை உரித்துத் தின்போம்.

கடைக்கு வருகிறேன். வாசலிலேயே நின்று காதைக் கொடுத்தேன். டிரெடில் மிஷின் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கவேண்டியதில்லை, கேட்டால் போதும். தாளைத் தாங்கும் இரும்புப் பலகையான பிளேட்டன் எழுத்தின்மேல் வந்து மோதும்போது ஒற்றைச் சத்தமாக வந்தால் உடம்பு நன்றாக இருக்கிறது; இரட்டையாகத் தட்டினால் எங்கோ புஷ் தேய்ந்திருக்கிறது. இது ஒற்றையாகத்தான் தட்டியது. அவருடைய அப்பா வாங்கிப் போட்ட மிஷின். அரைக் குதிரைச் சக்தி மோட்டாரும் பெல்ட்டும் பின்னாளில் சேர்ந்தவை; காலால் மிதிக்கும் பெடலைக் கழற்றாமல் வைத்திருக்கிறார். அது ஒரு நாள் எனக்கே உதவியது, சொல்கிறேன்.

இப்போதைய பிள்ளைகள் இந்த மிஷினைப் பார்த்திருக்கமாட்டார்கள். உச்சியில் ஒரு வட்டத் தட்டு, அதில் மை. ஒவ்வொரு சுற்றுக்கும் தட்டு கொஞ்சம் திரும்பும். ரோலர்கள் மேலே ஏறித் தட்டில் மையைத் தேய்த்துக்கொண்டு, கீழே இறங்கி எழுத்தின்மேல் ஓடிவிட்டு ஒதுங்கும். அந்த இடைவெளியில் பிளேட்டன், வெற்றிலைப் பெட்டியின் மூடியைப்போல, வந்து சாத்திக்கொள்ளும். திறக்கும்போது அட்டையை இடக்கை எடுக்க, அடுத்ததை வலக்கை வைத்துவிட்டு வெளியே வந்துவிடவேண்டும். கை தேர்ந்த ஆள் என்றால் மணிக்கு ஆயிரம் போடுவார். வலக்கை வெளியே வரத் தாமதித்தால் என்ன ஆகும் என்பதற்கு என் ஆள்காட்டி விரல் நகம் சாட்சி. அது இன்றுவரை நேராக முளைக்கவில்லை.

ரோலர் மட்டும் மாறியிருக்கிறது. எங்கள் காலத்தில் வஜ்ரத்தையும் கிளிசரினையும் காய்ச்சி அச்சில் ஊற்றி எடுத்த ரோலர். அதற்கு இந்த ஊர் வெயிலும் ஆகாது, மழையும் ஆகாது. சித்திரையில் இளகி எழுத்தோடு ஒட்டும். ஐப்பசி அடைமழையில் ஊறிப் பருத்து, பல்லியின் வயிறுபோல் இருக்கும். இவர் ரப்பருக்கு மாறிவிட்டார். பழமைக்காக வஜ்ரத்தைக் கட்டிக்கொண்டு அழவில்லை. எனக்குப் பிடித்தது இந்தக் குணம்.

முதல் வேலை துக்க வேலை. எங்கள் பழைய அச்சகத்தில் மிஷின்மேனாக இருந்த கோவிந்தசாமி அண்ணன் ஆடி மாதத்தில் காலமானார். பதினாறாம் நாள் காரியத்துக்குப் பத்திரிகை அடிக்கவேண்டும் என்று அவருடைய மகன் வந்தபோது, டிரெடிலில் ஆயுசைக் கழித்தவருக்கு ஜெராக்ஸ் கடையில் பத்திரிகை அடிப்பதா என்று தோன்றியது. சாயங்காலம் ஐந்து மணிக்கு இந்தக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கம்பாசிட்டர் யாரும் இல்லை. எழுத்துக் கோப்பதும் மிஷின் ஓட்டுவதும் ரசீது எழுதுவதும் உரிமையாளர் ஒருவரே. அவர் கையில் அப்போது ஓர் உரக்கடையின் பில் புத்தகம். "அண்ணே, நீங்களே கோத்துவிடுங்களேன்" என்று எழுத்துக் கோக்கும் ஸ்டிக்கை நீட்டினார்.

இருபத்தெட்டு வருஷம் கழித்துக் கையில் ஸ்டிக். பதினான்கு வரிகள். அன்றைக்கு இருபது நிமிஷ வேலை. இப்போது ஒரு மணி பத்து நிமிஷம் ஆனது. விரல்கள் மறக்கவில்லை. பிரச்சினை என்னவென்றால், அவை எங்கள் அச்சகத்துக் கேஸை நினைவில் வைத்திருந்தன; இவருடைய கேஸில் அறைகளின் வரிசை வேறு. 'த' இருக்கவேண்டிய இடத்தில் கை போனால் 'ப' வந்தது. தமிழ்க் கேஸ் லேசுப்பட்டதல்ல. ஆங்கிலக்காரன் இருபத்தாறு எழுத்தைச் சிறிதும் பெரிதுமாக வைத்துக்கொண்டு பிழைத்துவிடுவான். நமக்குப் பதினெட்டு மெய்க்கும் க, க், கி, கீ, கு, கூ என்று ஆறாறு வடிவம், அதுவே 108. அதோடு உயிர்கள், ஆய்தம், தனிக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக்கொம்பு, கால். ஸ, ஷ, ஜ, ஹ வந்தால் இன்னொரு வரிசை. 'கோவிந்தசாமி' என்பதில் முதல் எழுத்தான 'கோ' ஒன்றல்ல, மூன்று: இரட்டைக்கொம்பு, க, கால். அண்ணனின் பெயரை அத்தனை வருஷம் கூப்பிட்டிருக்கிறேன். கோத்தது அதுதான் முதல் தடவை.

ஸ்டிக்கில் எழுத்து தலைகீழாக நிற்கும். இடமிருந்து வலமாகத்தான் வாசிக்கவேண்டும். அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. இப்போதும் டீக்கடையில் எதிரில் இருப்பவர் கையிலுள்ள பேப்பரை அவருக்கு முன்னால் நான் படித்து முடித்துவிடுவேன்.

பாரத்தைச் சேஸ் என்ற இரும்புச் சட்டத்தில் வைத்து, இடைவெளியை நிரப்பும் ஃபர்னிச்சர் கட்டைகளை அடுக்கி, இறுக்கும் ஆப்பான குவாயினை முடுக்கும்போது கரண்ட் போய்விட்டது. உரிமையாளர் ஒன்றும் சொல்லவில்லை. பெல்ட்டைக் கழற்றினார், ஜன்னல் ஓரம் ஓர் எமர்ஜென்சி விளக்கை வைத்தார், பெடலில் கால் வைத்தார். கால் மிதியிலேயே நூறு பத்திரிகை, எட்டு மணிக்குள். அண்ணனின் மகன் பணத்தை நீட்டியபோது காகிதத்துக்கு மட்டும் எடுத்துக்கொண்டார். 'மிஷின்மேன் பத்திரிகைக்குக் கூலியா' என்று முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. இதற்கு மதிப்பெண் போடச் சொன்னால் எனக்குப் போடத் தெரியாது.

இரண்டாவது, எங்கள் தெருப் பிள்ளையார் கோயில் நன்கொடை ரசீது. நூறு தாள் கொண்ட புத்தகம் பத்து. 1 முதல் 1000 வரை எண். இந்த மாதிரிக் கடைகளுக்கு இன்று சோறு போடுவது இந்த வேலைதான். எண் போடும் பெட்டியை எழுத்தோடு எழுத்தாகப் பாரத்தில் பூட்டிவிடுவார்கள். பெட்டியின் முகத்தில் துருத்திக்கொண்டிருக்கும் குறி ஒவ்வோர் அடிக்கும் அமுங்கும். அமுங்கினால் அடுத்த எண் உருளும். கிழிப்பதற்கான புள்ளிக்கோடும் அப்படித்தான்: பல் வைத்த எஃகுப் பட்டை ஒன்றைப் பாரத்தில் செருகினால் அச்சோடு சேர்த்துத் துளையும் விழும். ஊரில் நான்கு வண்ண ஆஃப்செட் வைத்திருக்கும் பெரிய அச்சகங்களிலிருந்தே பையன்கள் மொபெட்டில் கட்டுக் கட்டாகத் தாளைக் கொண்டுவந்து இங்கே எண் போட்டுப் போகிறார்கள். பளபளப்பெல்லாம் அங்கே, பல் மட்டும் இங்கே.

ரசீது கிழிந்தது நேர்த்தியாக. ஓரத்தில் ஒரு பிசிர் இல்லை. ஆனால் 347 என்ற எண் இரண்டு தாளில் வந்து, 348 காணாமல் போயிருந்தது. எண் பெட்டியின் உருளையில் மைப்பிசுக்கு ஏறிச் சிக்கியிருக்கவேண்டும். கோயில் கணக்கில் இது சின்ன விஷயம் அல்ல. பொருளாளர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கொண்டுபோய்க் காட்டியதும் உரிமையாளர் வாதாடவில்லை. பெட்டியைக் கழற்றி மண்ணெண்ணெயில் போட்டுவிட்டு, அந்தப் புத்தகத்தை முழுக்க மறுபடி அடித்துக் கொடுத்தார். எண்ணிப் பார்த்து வாங்குங்கள் என்பதுதான் இதில் நான் சொல்லக்கூடியது. பத்துப் புத்தகத்துக்கும் 1,600 ரூபாய் ஆனது.

இந்த ஊர் அச்சாபீஸ்களுக்குக் காவிரி ஆறுதான் காலண்டர். மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தது என்றால் உரக்கடை, விதைக்கடைகளின் பில் புத்தகம் வரும். தை அறுவடை முடிந்து கையில் காசு வந்தால் கல்யாணப் பத்திரிகை. தண்ணீர் வராத வருஷம் எங்களுக்கும் வேலை வராது. நடுவில் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மகாமகம். 1980 மாசியில் நோட்டீஸ் அடித்து அடித்து, மகாமகக் குளத்துக்கு நடக்கும் தூரத்தில் இருந்தும் நான் முங்கவில்லை. குளித்துவிட்டு வந்தவர்கள் ஈரத் துணியோடு வாசலில் நின்று நோட்டீஸ் வாங்கிப் போனார்கள்.

மூன்றாவது வேலைக்காகத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன். என் மகள்வழிப் பேத்தி யாழினிக்குக் காதணி விழா. மகள் சென்னையில் இருக்கிறாள். சிநேகிதி ஒருத்தியின் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். பஞ்சுபோன்ற கனமான தாள். எழுத்தெல்லாம் தாளுக்குள் குழிந்து இறங்கியிருந்தது. "அப்பா, கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பாருங்கள். இது நீங்கள் செய்த வேலைதானே? இதற்கு ஒரு பத்திரிகைக்கு எவ்வளவு கொடுத்தார்கள் தெரியுமா?" என்றாள். தொகையைச் சொன்னாள். எங்கள் அச்சகத்தில் அந்தக் காசுக்கு அன்றைக்கு ஐந்நூறு பத்திரிகை அடித்திருப்போம்.

நான் முன்பக்கம் தடவவில்லை. பத்திரிகையைத் திருப்பிப் பின்பக்கத்தைத் தடவினேன். முதுகில் எழுத்து புடைத்துக்கொண்டிருந்தது. சிரிப்பு வந்துவிட்டது. இதற்குத்தான் எங்களுக்கு வசவு விழும். முதலாளி ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒரு தாளை உருவிப் பின்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவுவார். கொஞ்சம் தட்டுப்பட்டாலும் "ஈயத்தைக் கொல்லுகிறாயடா" என்பார். எழுத்து தாளை ஒற்றி எடுக்கவேண்டும், அழுத்தக்கூடாது; அதுதான் பாடம். அழுத்தினால் எழுத்து தேயும், வார்ப்பு மழுங்கும், புது ஃபாண்ட் வாங்கவேண்டிவரும். கோவிந்தசாமி அண்ணன் எழுத்தின் உயரம் 0.918 அங்குலம் என்று மந்திரம்போல் சொல்வார். தேய்ந்த எழுத்து அந்த உயரத்துக்கு வராது. அது விழும் இடத்துக்கு நேரே, பிளேட்டனின் உறைக்குள், பீடிக் கட்டிலிருந்து கிழித்த மெல்லிய தாளை எச்சில் தொட்டு ஒட்டிச் சமன்படுத்துவார். எல்லா எழுத்தும் ஒரே மாதிரி பட்டும் படாமலும் விழவேண்டும் என்பதற்காக அரை மணி நேரம் ஒட்டுப்போடுவார். அன்றைய குற்றம் இன்றைய அழகாகிவிட்டது. கூடுதல் காசும் அதற்குத்தான்.

மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனதும் உரிமையாளர் கேட்ட முதல் கேள்வியே இதுதான்: "குழிவாக வேண்டுமா, ஒற்றி எடுக்கட்டுமா?" இரண்டுக்கும் இரண்டு விலை வைத்திருக்கிறார். குழிவுக்கு ஈய எழுத்தைக் கொடுக்கமாட்டார். வேண்டிய எழுத்துகளை ஒரே தகடாக்கிய பிளாக் செய்து வரவழைப்பார். இதில் என் அபிப்பிராயத்தை அழுத்திச் சொல்கிறேன். தமிழுக்குக் குழிவு எல்லா அளவிலும் பொருந்தாது. நம் எழுத்தில் சுழி அதிகம். 12 பாயிண்டில் 'ண'வையும் 'ஞ'வையும் தாளுக்குள் அழுத்தினால் சுழிக்குள் மை தேங்கி, எழுத்து எறும்பு மொய்த்ததுபோல் ஆகிவிடும். 24 பாயிண்டுக்கு மேல் என்றால் அழகுதான். சென்னைப் பத்திரிகையிலும் ஆங்கிலம்தான் எடுப்பாக இருந்தது. தமிழ் வரி இரண்டும் மூச்சுமுட்டிக் கிடந்தன.

கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். குழந்தையின் பெயர் மட்டும் பெரிதாக, குழிவாக. மற்றதெல்லாம் ஈய எழுத்தில், ஒற்றி. இரண்டு ஓட்டம், கூலி இரட்டிப்பு. பெயரையும் ஈயத்தில் கோக்கத்தான் எனக்கு ஆசை. ஆனால் அவரிடமுள்ள 24 பாயிண்ட் கேஸில் 'ழி' இல்லை. தேடிப் பார்த்தோம், 'ழ' ஒன்று இருந்தது, அதுவும் கால் ஒடிந்து. வார்த்துக் கொடுக்கும் ஃபவுண்டரிக்கு எங்கே போவது? யாழினியில் 'ழி' போனால் மிச்சம் என்ன இருக்கிறது? பிளாக்குக்குச் சொன்னோம். திருச்சியிலிருந்து வர நான்கு நாள். தாமதத்துக்கு அதுவும் ஒரு காரணம், எல்லாம் அவர் தவறு என்று சொல்லமாட்டேன்.

பிளாக் வரக் காத்திருந்த நாள்களில்தான் அடி இழுப்பறையில் அந்தப் பிஸ்கட் டப்பா கிடைத்தது. உள்ளே பழைய எழுத்துகள். 1978 அக்டோபரில் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்ததே, அதற்கு முந்தையவை. ணா, றா, னா. அவற்றின் ஒகர, ஓகார வரிசை. ணை, லை, ளை, னை. மொத்தம் பதின்மூன்று எழுத்துக்கு அதுவரை தனி வடிவம். 'லை' என்றால் ஐகாரக்கொம்பு முன்னால் வராது; எழுத்தின் தலையிலேயே யானைத் துதிக்கைபோல ஒரு வளைவு தூக்கி நிற்கும். அதை இந்தத் திரையில் காட்ட எனக்கு வழியில்லை. அறுபது வயதுக்கு மேற்பட்டவர் யாரையாவது எழுதிக் காட்டச் சொல்லுங்கள். ஆணை வந்தபோது நான் கம்பாசிட்டராகி ஒரு வருஷம். எங்கள் முதலாளி, "அரசாணை ஆபீசுக்கு. நமக்கு ஈயம் தீரும்வரை பழசுதான்" என்றார். பள்ளிக்கூட வேலைக்குப் புதுசு, கல்யாணப் பத்திரிகைக்குப் பழசு என்று கொஞ்ச காலம் ஓடியது. கேஸில் அறைகள் குறைந்ததில் எல்லோருக்கும் சந்தோஷம், கம்பாசிட்டருக்குப் பாதிச் சந்தோஷம். ஏனென்றால் 'அண்ணாமலை' என்று கோக்கப் பழைய முறையில் ஐந்து எழுத்து எடுத்தால் போதும்: அ, ண், ணா, ம, லை. புதிய முறையில் ஏழு. பெட்டி சுருங்கியது, கைக்கு நடை கூடியது.

அண்ணாமலை என்பது என் அப்பாவின் பெயர். பத்திரிகையில் 'அமரர் அண்ணாமலை அவர்களின் கொள்ளுப்பேத்தி' என்று வருகிறது. டப்பாவைக் கவிழ்த்துத் தேடியதில் 14 பாயிண்டில் 'ணா' ஒன்றும் 'லை' இரண்டும் தேறின. ஒரு 'லை'க்குத் துதிக்கை ஏற்கெனவே மூளி. மற்றொன்று முழுசு. அப்பாவின் பெயரை மட்டும் ஐந்து எழுத்தில் நானே கோத்தேன். அவர் பாபநாசம் பக்கம் ஒரு கிராமத்தில் காணிக் கணக்கு எழுதியவர். கடைசிவரை கையெழுத்தில் துதிக்கையை விடவில்லை.

கோப்பதில் பழைய பயம் ஒன்று உண்டு. நான் டிஸ் போடும் பையனாக இருந்தபோது 'ள்' ஒன்றை 'ன்' அறையில் போட்டுவிட்டேன். கம்பாசிட்டர் எழுத்தின் முகத்தைப் பார்ப்பதில்லை. காலில் உள்ள வெட்டுக்குழியை விரலால் உணர்ந்து நிமிர்த்தி வைத்துக்கொண்டே போவார். மெய்ப்பிலும் தப்பியது. முந்நூறு கல்யாணப் பத்திரிகையில் மணமகன் இருக்கவேண்டிய இடத்தில் இன்னொரு மணமகள். மாப்பிள்ளையின் மாமா பத்திரிகைக் கட்டோடு வந்து நின்ற கோலம் இன்னும் கண்ணில் இருக்கிறது. இந்த முறை மெய்ப்பை நானே பார்த்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மூன்று தடவை. ஓர் எழுத்துப் பிழை கிடையாது.

காகிதம் உட்பட 150 பத்திரிகைக்கு 2,700 ரூபாய், பிளாக்குக்கு 450 தனி. சிவகாசி பலவண்ணப் பத்திரிகை இதில் பாதிக்குக் கிடைக்கும், மூலையில் கிருஷ்ணரும் இலவசம். பலவண்ணம் வேண்டுபவர் இங்கே போகவேண்டாம். அவர் வேறு நிறம் போடவேண்டுமென்றால் தட்டையும் ரோலரையும் கழுவி முதலிலிருந்து தொடங்கவேண்டும், அதற்கு அவர் முகமும் நிறம் மாறும். ஆயிரத்துக்கு மேல் வேண்டுபவரும் போகவேண்டாம். நூறு, இருநூறு என்று அடிப்பவர்கள், எண்ணும் துளையும் வேண்டுபவர்கள், தாங்களே மெய்ப்புப் பார்க்கத் தெரிந்தவர்கள் போகலாம். செவ்வாய்க்கிழமை வேண்டாம், அன்று அரிசி ஆலைகளின் பில் புத்தகம் ஓடும், நின்று பேச நேரம் இருக்காது.

தரங்கம்பாடிக்குப் போகும் வழியில் இங்கே எட்டிப்பார்க்கும் கூட்டம் ஒன்றும் இருக்கிறது. படம் பிடிப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். அவர்களுக்கு ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706-ல் அங்கே வந்து இறங்கியதும், 1715-ல் அங்கே தமிழில் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சானதும் தெரியும். ஜெர்மனியில் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் எழுத்து அளவில் பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றதால், இங்கேயே சிறிய எழுத்து வார்த்தார்கள் என்பதை உரிமையாளர் அவர்களுக்குச் சொல்வார். சொல்லிவிட்டு, "காகிதக் கவலை அன்றைக்கே இருந்திருக்கிறது பாருங்கள்" என்று விசிட்டிங் கார்டு விலைப்பட்டியலை நீட்டுவார். அவர்கள் அதையும் படம் பிடித்துக்கொண்டு போவார்கள்.

பத்திரிகைக் கட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து விலாசம் எழுத உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன். முழுசாக இருந்த அந்த 'லை'யின் துதிக்கை நுனி ஓட்டத்தின் நடுவில் எப்போதோ உடைந்திருக்கிறது. உரிமையாளர் கண்ணில் படவில்லை. பாதி ஓட்டத்தில் மிஷினை நிறுத்தி ஒரு தாளை எடுத்துப் பார்த்திருக்கவேண்டும். கோவிந்தசாமி அண்ணனாக இருந்தால் பார்த்திருப்பார். பிரித்து எண்ணினேன். 88 முழுசு, 62 மூளி. மகளிடம் இரண்டையும் காட்டினேன். அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. இரண்டுமே ஏதோ பழைய எழுத்து என்றாள். அதனால் 1978-க்கு முன்னால் பள்ளிக்கூடம் போனவர்களுக்கெல்லாம் முழுத் துதிக்கை, மற்றவர்களுக்கு மூளி என்று பிரித்து அனுப்பினேன்.

முதல் பத்திரிகை திருவிடைமருதூரில் இருக்கும் அத்தைக்கு. அப்பாவின் கடைசித் தங்கை, எண்பத்திரண்டு வயது. மூன்றாம் நாள் போன் செய்தார். "பத்திரிகை வந்தது. எழுத்தெல்லாம் நன்றாக இருக்கிறது. முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று போடவே இல்லையே அப்பா?" என்றார்.

எடுத்துப் பார்த்தேன். தேதி இருந்தது, கிழமை இருந்தது, மண்டபத்துக்கு வழி இருந்தது. நேரம் இல்லை. நான் எழுதிக் கொடுத்த தாளிலேயே இல்லை.